டயல் டோன் எங்கே போனது?



போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி மின்சாரம் போய், நம் ஜெனரேட்டரும் மக்கர் செய்த அந்த இரண்டு மணி நேரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று சி பிளாக் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் மாமிக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். மொபைலில் சார்ஜ் இல்லை. பழக்கத்தில் லேண்ட்லைனை எடுத்திருக்கிறார். டயல் டோன் வரவில்லை. இருட்டில் தட்டுத் தடுமாறிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட, அவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மறு வாரம் என்னைப் பார்த்ததும் மாமி கேட்டார்: “நீங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தவராச்சே! முப்பது வருஷத்துல எத்தனை கரண்ட் கட் பார்த்திருக்கேன். ஒரு நாளும் போன் செத்ததில்லையே. இப்ப மட்டும் ஏன்?”

“இப்ப உங்க போன் இன்டர்நெட்ல ஓடுது மாமி” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அது பதிலே இல்லை என்று தோன்றியது. பழைய தொலைபேசிக்கும் இன்டர்நெட்டுக்கும் பாலம் போட முப்பது வருஷம் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாலத்தில் சில விஷயங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன, சில அந்தக் கரையிலேயே தங்கிவிட்டன. மாமி கேட்டது தங்கிவிட்டதில் ஒன்றைப் பற்றி. முழுக் கதையையும் இங்கே சொல்கிறேன். கடைசியில் நாம் செய்ய வேண்டிய சில வேலைகளும் இருக்கின்றன, அதுவரை படியுங்கள்.

பழைய ஏற்பாடு

பழைய லேண்ட்லைன் என்பது உங்கள் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை போகும் ஒரு ஜோடி செம்புக் கம்பி. பேச்சு மட்டுமல்ல, போனுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில்தான் வரும். எக்ஸ்சேஞ்சில் ஒரு அறை முழுக்க பேட்டரிகள் இருக்கும். அவற்றின் 48 வோல்ட்தான் ஊரில் இருக்கும் அத்தனை போனுக்கும் உயிர். உங்கள் தெருவில் கரண்ட் போனாலும் போன் பேசியதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் ஒருவரை அழைத்தால், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாதை ஒதுக்கப்படும். நீங்கள் பேசாமல் சும்மா இருந்தாலும் போனை வைக்கும்வரை அந்தப் பாதை உங்களுக்கே. எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டல் ஆனபோது, குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். ஆக ஒரு பேச்சுக்கு நொடிக்கு 64,000 பிட். 1972ல் உலகத் தரமான இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

‘இந்த எண்ணுக்கு மணி அடி’, ‘எடுத்துவிட்டார்’, ‘வைத்துவிட்டார்’ என்று எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் செய்திகளுக்குத் தனி வலை ஒன்று உண்டு. அதன் பெயர் எஸ்.எஸ்.7. முன்பு இந்தச் செய்திகள் பேச்சு போகும் அதே கம்பியில் சத்தமாகவே போய்க்கொண்டிருந்தன. அமெரிக்காவில் சில இளைஞர்கள் 2,600 ஹெர்ட்ஸ் சத்தத்தை ஊதி எக்ஸ்சேஞ்சையே ஏமாற்றி, காசில்லாமல் உலகம் முழுக்கப் பேசினார்கள். அதனால் செய்திகளைத் தனி வலைக்கு மாற்றினார்கள். அந்த வலைக்குள் தொலைபேசி நிறுவனங்கள் மட்டும்தான் நுழைய முடியும். உள்ளே இருப்பவர் சொல்வதை மற்றவர் அப்படியே நம்பலாம் என்பது ஏற்பாடு. இந்த ‘நம்பலாம்’ என்ற வார்த்தையை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

கம்ப்யூட்டரில் ஒரு குரல்

குரலைச் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி கம்ப்யூட்டர் வலையில் அனுப்பும் யோசனை பழையது. 1974லேயே அர்ப்பாநெட்டில், கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிலையமும் மாசசூசெட்ஸில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகமும் இப்படிப் பேசிப் பார்த்தன. அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் டேனி கோஹன்.

வீட்டுக்கு வந்தது 1995ல். இஸ்ரேலைச் சேர்ந்த வோக்கல்டெக் நிறுவனம் ‘இன்டர்நெட் போன்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. மைக்கில் பேசினால் கடல் கடந்து இன்னொரு கம்ப்யூட்டரில் கேட்கும். நிமிடத்துக்கு எவ்வளவு என்று ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டரையே பார்த்துக்கொண்டு பேசிய காலம் அது. இது எப்படிப்பட்ட அதிசயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு குறை. இரண்டு பேரிடமும் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் இருப்பது கறுப்பு டயல் போன். அதை எப்படி அடிக்க வைப்பது?

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் கிளம்பியவர்களில் தன்னார்வலர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜெஃப் புல்வர் என்பவரும் நண்பர்களும் 1995-96ல் ‘ஃப்ரீ வேர்ல்டு டயலப்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் கம்ப்யூட்டரைத் தங்கள் வீட்டுத் தொலைபேசியோடு இணைத்து வைப்பார்கள். குரல் இன்டர்நெட்டில் அந்த ஊர் வரை வந்து, அங்கிருந்து லோக்கல் காலாகப் போகும். 1996ல் வோக்கல்டெக்கும் இதற்கென்றே ஒரு கருவியைக் கொண்டு வந்தது. அதுதான் கேட்வே. தமிழில் நுழைவாயில் என்று சொல்லலாம். ஒரு பக்கம் தொலைபேசிக் கம்பி, மறுபக்கம் இன்டர்நெட்.

பழைய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. அதே 1996 மார்ச்சில், அமெரிக்காவின் சிறு தொலைதூரத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் ஒன்று, இந்த மென்பொருள் விற்பனையை நிறுத்தச் சொல்லி அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மனுப் போட்டது. தடை வரவில்லை.

நுழைவாயிலில் நடக்கும் வேலை

குரலை வாங்கி அந்தப் பக்கம் விடுவதுதானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கஷ்டம் நான்கு இடங்களில் இருந்தது.

முதலாவது, நேரம். கேட்வே பேச்சை வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக வெட்டும். நொடிக்கு 50 பொட்டலம். சுருக்காமல் அனுப்பினால் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதன் மேல் 40 பைட் முகவரிச் சீட்டு. இன்டர்நெட்டில் யாருக்கும் தனிப் பாதை கிடையாது. சில பொட்டலம் முந்தும், சில பிந்தும், சில தொலைந்தே போகும். அதனால் வாங்கும் கேட்வே கொஞ்சம் காத்திருந்து, வரிசைப்படுத்தி, பிறகுதான் ஒலிக்க விடும். ரொம்பக் காத்திருந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நல்லது என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு.

இரண்டாவது, எதிரொலி. இரண்டு கம்பி லேண்ட்லைனில் போகும் குரல் எக்ஸ்சேஞ்சில் நான்கு கம்பிப் பாதைக்கு மாறும் இடத்தில், கொஞ்சம் கசிந்து பேசியவர் காதுக்கே திரும்பும். பக்கத்து ஊர்ப் பேச்சில் அது உடனே வந்துவிடுவதால் தெரியாது. தாமதம் சேர்ந்ததும், கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி கேட்க ஆரம்பிக்கும். சாட்டிலைட் காலத்திலேயே வந்த நோய் இது. அதற்கு 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மருந்து கண்டுபிடித்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த மன் மோகன் சோந்தி. திரும்பி வரப்போகும் எதிரொலி எப்படி இருக்கும் என்று தானே கற்றுக்கொண்டு, அதைக் கழித்துவிடும் கருவி அது. பின்னால் வந்த ஒவ்வொரு கேட்வேயும் அந்த வேலையை உள்ளேயே செய்ய வேண்டி வந்தது.

மூன்றாவது, பொத்தான்கள். நீங்கள் 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ், 1,336 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சத்தம் சேர்ந்து போகும். இன்டர்நெட்டில் இடத்தை மிச்சப்படுத்தக் குரலைச் சுருக்கும் முறைகள் எல்லாம் மனிதத் தொண்டைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் புகுந்து வெளியே வந்த பொத்தான் சத்தம் சிதைந்து போய்விடும். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்ற வங்கிக் குரல் நாம் அழுத்தியதை எடுத்துக்கொள்ளாது. 2000ல் இதற்கு வழி வகுத்தார்கள். சத்தத்தை அனுப்பாமல், ‘இவர் 5ஐ அழுத்தினார்’ என்று ஒரு சீட்டை அனுப்புவது. ஃபேக்ஸ் சத்தத்துக்கும் 1998லேயே இப்படித் தனி வழி போட்டிருந்தார்கள்.

நான்காவது, மொழி. பழைய வலை பேசியது எஸ்.எஸ்.7. இன்டர்நெட் பக்கம் 1996ல் எச்.323 என்று ஒரு முறை வந்தது. பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹென்னிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி முதலியவர்கள் எழுதிய எஸ்.ஐ.பி. 1999ல் தரமாக வெளிவந்து, மெல்ல மெல்ல முந்தியது. இந்த இரண்டு மொழிக்கும் நடுவே கேட்வே துபாஷியாக நிற்க வேண்டும். 2002ல் அந்த அகராதியையே எழுதி வெளியிட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் பக்கம் 17ஆம் எண் காரணம் என்றால் ‘பேசிக்கொண்டிருக்கிறார்’, இன்டர்நெட் பக்கம் அது 486. எக்ஸ்சேஞ்ச் பக்கம் 1 என்றால் ‘அப்படி ஒரு எண்ணே இல்லை’, இன்டர்நெட் பக்கம் 404. இல்லாத இணையப் பக்கத்தைத் தேடினால் வரும் அதே 404தான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் எனக்குப் பிடிக்கும். ‘நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று ஓர் அம்மா சொல்வாரே, அது யாரும் போனை எடுப்பதற்கு முன்பே, காசு ஏறாமல் கேட்க வேண்டிய குரல். எஸ்.ஐ.பி.யை முதலில் எழுதியவர்கள், எடுத்த பிறகுதான் பேச்சு என்று நினைத்திருந்தார்கள். அதனால் எடுக்கும் முன்பே குரலைத் திறந்துவிட 183 என்று ஒரு புது செய்தியைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கேட்வே வீட்டுக்கு வந்தது

ஆரம்பத்தில் கேட்வே நிறுவனங்கள் வாங்கும் விலையில் இருந்தது. அதை மாற்றியதில் ஒரு கல்லூரி மாணவருக்குப் பங்கு உண்டு. 1999ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் தன் சிறு கம்பெனிக்கு ஒரு தொலைபேசிப் பலகை வாங்கப் போய், விலையைக் கேட்டுத் திரும்பி வந்து, தானே ஒன்றை எழுதினார். ஆஸ்டரிஸ்க் என்ற அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓர் அட்டையைச் செருகினால் அதுவே எக்ஸ்சேஞ்ச், அதுவே கேட்வே.

நம் நாட்டில் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இன்டர்நெட் பொதுமக்களுக்கு வந்தபோதும், அதில் குரல் பேசுவதற்கு அனுமதி இல்லை. 2002 ஏப்ரல் 1 முதல் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும், இங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம் என்றார்கள். ஆனால் உள்நாட்டுத் தொலைபேசியைத் தொடக் கூடாது. அமெரிக்கப் பிள்ளைகளோடு ஸ்கைப்பில் பேசிய நாம், அதே ஸ்கைப்பிலிருந்து பக்கத்துத் தெரு லேண்ட்லைனை அழைக்க முடியாமல் போனது இதனால்தான். உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2018ல். அதற்குள் 2016ல் வந்த ஜியோ, பேச்சையே டேட்டாவாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் ஹாலில் செருப்பு அலமாரிக்கு மேலே விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். பின்னால் பழைய போன் செருகும் துளை ஒன்று இருக்கும். அதுதான் கேட்வே. டயல் டோனை அந்தப் பெட்டியே உண்டாக்குகிறது. மணியடிக்கும் மின்சாரமும் அதுவே தருகிறது. நம் போனுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

அந்தக் கரையில் தங்கிய மூன்று

குரலும் எண்ணும் மணியும் பத்திரமாகப் பாலத்தைக் கடந்துவிட்டன. மூன்று விஷயங்கள் கடக்கவில்லை.

ஒன்று, மின்சாரம். கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. உங்கள் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் டயல் டோன் இல்லை. மாமிக்கு அன்று நடந்தது இதுதான். இது நமக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. பிரிட்டனில் பொத்தானை அழுத்தினால் லேண்ட்லைன் வழியாக உதவி வரும் கருவியை நம்பி முதியவர்கள் உட்பட சுமார் 18 லட்சம் பேர் இருக்கிறார்கள். இன்டர்நெட் இணைப்புக்கு மாற்றியதில் சிலருக்கு அது வேலை செய்யாமல் போக, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்தி வைத்தன. 2025 இறுதி என்றிருந்த கெடு 2027 ஜனவரிக்குப் போனது.

இரண்டு, முகவரி. செம்புக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். இன்டர்நெட் போனை எங்கே செருகினாலும் வேலை செய்யும், அதனால் அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. 2005ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் பெற்றோரைச் சுட்டபோது, மகள் இன்டர்நெட் போனில் 911ஐ அழைத்தாள். வேறு போனிலிருந்து அழையுங்கள் என்ற பதிவுக் குரல்தான் கேட்டது. அதே ஆண்டு மே மாதம், இத்தகைய நிறுவனங்கள் எல்லாம் அவசர அழைப்பை முகவரியோடு சேர்த்துத் தர வேண்டும் என்று அங்குள்ள ஆணையம் உத்தரவிட்டது.

மூன்று, நம்பகம். பழைய வலையில் அழைப்பவர் எண்ணை எழுதியது எக்ஸ்சேஞ்ச். இன்டர்நெட்டில் அதை எழுதுவது அழைப்பவரே, தபால் உறையின் பின்பக்கம் நாமே அனுப்புநர் முகவரி எழுதுவது போல. கேட்வே அதைச் சரிபார்க்காமல் பழைய வலைக்குள் விட்டால், அங்கே எல்லோரும் நம்பிவிடுவார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு +91 எண் காட்டி, போலீஸ் பேசுகிறேன், கஸ்டம்ஸ் பேசுகிறேன் என்று மிரட்டுகிறார்களே, அவர்கள் வரும் வழிகளில் ஒன்று இது. 2024 அக்டோபரில் இத்தகைய பொய் எண்களைத் தடுக்கும் அமைப்பை மத்திய தொலைத்தொடர்புத் துறை தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டன. அமெரிக்காவில் 2021 முதல் பெரிய நிறுவனங்கள் ஒவ்வோர் அழைப்பிலும் மின்னணுக் கையெழுத்து போடுகின்றன. ஆனால் நடுவில் பழைய கம்பி வலை வந்தால் கையெழுத்து அங்கே விழுந்துவிடுகிறது. அது மறுபடியும் பாலத்தின் பிரச்சினைதான்.

இன்னொரு வழியும் உண்டு, அது அபார்ட்மென்ட்களைத் தேடி வருகிறது. அதன் பெயர் சிம் பாக்ஸ். வெளிநாட்டு அழைப்பை இங்கே இறக்க நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா என்று 2020ல் டிராய் வரம்பு வைத்தது. உள்நாட்டு அழைப்பை இறக்க 2021 ஜனவரி முதல் கட்டணமே இல்லை. ஆக, வெளிநாட்டுக் குரலை இன்டர்நெட்டில் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான சிம் கார்டு செருகிய பெட்டி வழியாக லோக்கல் காலாக மாற்றினால் லாபம். அது சட்ட விரோதமான கேட்வே. சென்னை உட்படப் பல நகரங்களில் வாடகைக்கு எடுத்த வீடுகளிலும் அறைகளிலும் போலீஸ் இவற்றைப் பிடித்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஃபைபர் லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள், அந்தப் பெட்டிக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டயல் டோன் வருகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

2. உங்கள் பெட்டிக்கு மட்டும் யுபிஎஸ் இருந்தால் போதாது. சில இணைப்புகளில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பொதுப் பெட்டியும் கரண்டில்தான் ஓடுகிறது. எந்தப் பிளாக்கில் எது அப்படி என்று பட்டியல் எடுத்து, அவற்றைப் பொது யுபிஎஸ்ஸில் சேர்க்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன் எந்த லைனில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. 112ஐ அழைத்தால் முதல் வாக்கியத்திலேயே வளாகத்தின் பெயர், பிளாக், வீட்டு எண், எந்த கேட் என்பதைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு. போனுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்தால் பதற்றத்தில் உதவும்.

4. திரையில் தெரியும் எண் அத்தாட்சி அல்ல. சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு, வங்கியின் எண்ணை நீங்களே பார்த்துத் திரும்ப அழையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

5. வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர்களே, ஆள் குடியேறாமல் பிராட்பேண்ட் மட்டும் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போகும் வாடகைதாரர் என்றால் விசாரியுங்கள். மாத வாடகை சரியாக வருகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். நாளைக்குப் போலீஸ் கதவைத் தட்டும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

சி பிளாக் மாமி வீட்டில் இப்போது மினி யுபிஎஸ் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் போய் மெயினை அணைத்தோம். மாமி போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, “வருதுடா” என்றார். பிறகு இன்னொன்றும் கேட்டார்: “இது எத்தனை நேரம் தாங்கும்?” கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். மூன்றரை மணி நேரம் தாங்கியது. உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அடுத்த மழைக்கு முன் பார்த்து, சங்க அலுவலக நோட்டில் எழுதிவிடுங்கள்.